எம்.எஸ். உள்ளவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி: முழுமையான வழிகாட்டி

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வந்து பல வருடங்கள் ஆகின்றன. தண்டுவட மரப்பு நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள், எங்களுக்குள் எம்.எஸ். என்றுதான் பேசிக்கொள்வோம். வாராவாரம் கூடும் ஒரு சிறு குழுவில், புதிதாக வருகிறவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்கு இப்போது அத்துப்படி.

கிட்டத்தட்ட எல்லோரும் ஏதோ ஒரு ஆடியோ பதிவைக் கேட்டுத்தான் ஆரம்பித்திருப்பார்கள். "தசையை நன்றாக இறுக்குங்கள், ஆழமாக மூச்சை இழுங்கள், வெதுவெதுப்பு பரவுவதாக நினையுங்கள், கண்களை மூடுங்கள்" என்று அது சொல்லும். மற்றவர்களுக்குச் சரி. மையலின் என்ற மேலுறை தேய்ந்துபோன நம் நரம்புகளுக்கு இந்த நான்குமே எங்காவது இடிக்கும். இரண்டு நாள் பார்த்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் வரிசையையும் அளவையும் மாற்றினாலே போதும்.

1. முதலில் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்

நரம்பியல் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். தசை இறுக்கத்துக்கு எடுக்கும் மாத்திரை எந்த நேரத்தில் அதிகம் வேலை செய்கிறது? அது ரத்த அழுத்தத்தைக் குறைக்குமா? விழுங்குவதில் சிரமம் இருந்தால் மல்லாந்து படுக்கலாமா?

டிசானிடின் போன்ற மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை இறக்கும், தூக்கமும் வரும். அதைப் போட்டுக்கொண்டு இருபது நிமிடம் படுத்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கும்.

இன்னொன்று. பயிற்சி பிடிபட்டு உடம்பு கொஞ்சம் இளகியதும், தசை இறுக்கத்துக்கான பாக்லோஃபென் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். குறைப்பதென்றால் மருத்துவர் சொல்லும் படிகளில்தான்.

2. களைத்துப்போவதற்கு முன்னால் ஒரு நேரம் பாருங்கள்

"ரொம்ப முடியாமப் போனா அப்ப பண்ணிக்கலாம்னு இருந்தேன்" என்று பலர் சொல்வார்கள். அதுதான் முதல் தவறு. எம்.எஸ். களைப்பு முழுதாக இறங்கிவிட்டால் கவனம் ஒரு இடத்தில் நிற்காது. அந்த நிலையில் செய்வது பயிற்சி ஆகாது, தூங்கித்தான் போவீர்கள். தூக்கமும் நல்லதுதான். ஆனால் இறுக்கத்தைக் கவனித்து விடுவிக்கும் பழக்கம் அதில் வராது.

மூன்று நாட்களுக்கு ஒரு தாளில் குறித்துப் பாருங்கள்: எத்தனை மணிக்குக் கால் கனக்க ஆரம்பிக்கிறது, எத்தனை மணிக்குப் பேச்சு தடுமாறுகிறது. அந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பயிற்சியை வையுங்கள். எனக்கு மூன்று மணிக்கு மேல் உடம்பு இறங்கிவிடும். இரண்டு மணிக்கே உட்கார்ந்துவிடுவேன்.

முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும். நீளமாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். தினம் ஐந்து நிமிடம் செய்கிறவருக்குத்தான் நான்காவது வாரத்தில் பதினைந்து நிமிடம் இயல்பாக வருகிறது.

3. இடத்தையும் உடம்பையும் தயார் செய்யுங்கள்

இதை அவசரமாகத் தாண்டுகிறவர்கள்தான் பாதியில் எழுந்து போகிறார்கள்.

முதலில் கழிப்பறைக்குப் போய்விட்டு வாருங்கள், அவசரம் இல்லாவிட்டாலும். நிறைந்த சிறுநீர்ப்பை தசை இறுக்கத்தைத் தூண்டிவிடும். மலச்சிக்கல், இறுக்கமான உடை, மடிந்து அழுத்தும் காலுறை இவையும் அப்படித்தான். இடுப்புப் பட்டியைத் தளர்த்துங்கள், காலணியைக் கழற்றுங்கள்.

அடுத்தது குளிர்ச்சி. உடம்பின் உள்வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே நம்மில் பலருக்குப் பார்வை மங்கும், கால் தள்ளாடும். உத்தாஃப் நிகழ்வு என்று மருத்துவத்தில் இதைச் சொல்வார்கள். உறை தேய்ந்த நரம்பில் வெப்பம் கூடும்போது சமிக்ஞை தடைபடுகிறது. உடம்பு ஆறியதும் திரும்பிவிடும். அதனால் சூடான குளியல், வெந்நீர் ஒத்தடம், கனத்த போர்வை ஆகியவற்றை இந்தப் பயிற்சியோடு சேர்க்காதீர்கள். மின்விசிறி ஓடட்டும். ஈரத்துணி ஒன்றைக் கழுத்துக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம், கைக்கு எட்டும் தூரத்தில் குளிர்ந்த தண்ணீர் இருக்கட்டும்.

அப்புறம் உட்காரும் விதம். புதியவர்களை நான் நாற்காலியில்தான் உட்கார வைப்பேன். முதுகுக்கும் கைகளுக்கும் சாய்மானம் வேண்டும், பாதம் முழுவதும் தரையில் படிய வேண்டும். எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை வையுங்கள். கைகள் தொங்கினால் தோள் அவற்றைத் தாங்கிப் பிடிக்கும், பிறகு தளர்வது எப்படி? மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் கைகளைப் போடுங்கள்.

படுத்துத்தான் செய்ய வேண்டும் என்றால், சவாசனம் போலக் கால்களை நேராக நீட்டிவிடாதீர்கள். நீட்டிய நிலையில் சிலருக்குக் கால்கள் விறைத்து இழுக்கும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் அந்த இழுப்பு அடங்கும். விழுங்கும் சிரமம் உள்ளவர்கள் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் ஆரம்பிக்கும் முன் ஒரு முறை பக்கவாட்டில் சாய்ந்து, உட்காரும் இடத்தின் அழுத்தத்தை மாற்றிவிடுங்கள். உணர்வு குறைந்த தோலில் அழுத்தம் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும்.

கண்களை மூடுவது கட்டாயம் இல்லை. நாம் நிலையாக இருக்கக் கண்ணைத்தான் பெரிதும் நம்புகிறோம். மூடினால் சிலருக்கு உடம்பு மிதப்பது போல, சரிவது போலத் தோன்றும். எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைத் தாழ்ந்த பார்வையாகப் பார்த்தால் போதும். பார்வை இரட்டையாகத் தெரிந்தால் மட்டும், நன்றாகச் சாய்ந்துகொண்டு மூடிக்கொள்ளுங்கள்.

4. மூச்சை விடுவதிலிருந்து ஆரம்பியுங்கள்

இழுப்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். "ஆழமாக மூச்சு விடு" என்று கேட்டதும் எல்லோரும் நெஞ்சைத் தூக்கி இழுக்கிறார்கள். நெஞ்சைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியது போன்ற உணர்வு நம்மில் பலருக்கு உண்டு. அப்படிப்பட்டவர் பலமாக இழுத்தால் பட்டை இன்னும் இறுகுவது போலத்தான் இருக்கும், பயமும் சேர்ந்துகொள்ளும்.

இப்படிச் செய்யுங்கள். உதட்டைச் சற்றுக் குவித்து, மெழுகுவர்த்திச் சுடர் அசையும் ஆனால் அணையாது என்ற அளவில் மெல்ல ஊதுங்கள். முடிந்ததும் வாயை மூடிவிட்டுச் சும்மா இருங்கள். மூச்சு தானாக மூக்கு வழியாக உள்ளே வரும். வந்த அளவு போதும். மறுபடி ஊதுங்கள்.

நாலைந்து முறை போன பிறகு எண்ணிக்கை சேர்க்கலாம்: உள்ளே நான்கு, வெளியே ஆறு. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு மூச்சு வரும். முட்டினால் மூன்று, நான்கு என்று குறைத்துக்கொள்ளுங்கள். வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். வெளிமூச்சின்போதுதான் இதயத் துடிப்பு சற்று நிதானமாகிறது. மூச்சை உள்ளே அடக்கிப் பிடிப்பது வேண்டாம்.

எங்கள் குழுவில் ஒரு பெண், முதல் நாள், மூன்றாவது நிமிடத்தில் கண்களைத் திறந்துவிட்டார். விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டே, "அக்கா, உதட்டைச் சுத்தி மதமதன்னு இருக்கு. கையிலயும் ஊசி குத்துது. மறுபடி வந்துடுச்சு போல" என்றார். முகம் வெளிறிப்போய் இருந்தது. நான் அவர் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்; ஒவ்வொரு மூச்சுக்கும் அது காது வரை ஏறி இறங்கியது. எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் மதமதப்பு போய்விட்டது.

தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் மதமதப்பு, தலை லேசாவது எல்லாம் அதனால் வருவது. எம்.எஸ். இல்லாதவருக்கும் வரும். நமக்கு அது நோயின் அறிகுறி போலவே இருப்பதால்தான் பதறிவிடுகிறோம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது, அதனால் இப்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

5. தசைகளை இறுக்காமல் தளர்த்துங்கள்

வழக்கமான முறை ஒவ்வொரு தசையையும் பலமாக இறுக்கிப் பிறகு விடுவது. இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பு அப்படித்தான் கற்றுக்கொள்கிறது. ஆனால் ஏற்கெனவே விறைப்புள்ள தசையைப் பலமாக இறுக்கினால் அது விட மறுக்கும், அல்லது சுண்டி இழுக்கும்.

நடுத்தர வயதுக்காரர் ஒருவர் ஆடியோவில் கேட்டபடி முன்பாதத்தைத் தரையில் அழுத்திக் கெண்டைக்காலை இறுக்கினார். குதிகால் தூக்கிக்கொண்டு 'டக் டக் டக்' என்று தாளம் போட ஆரம்பித்தது. நிறுத்தவே முடியவில்லை. பக்கத்தில் இருந்த பிசியோதெரபிஸ்ட் அவர் முழங்கால் மேல் உள்ளங்கையை வைத்து, குதிகால் தரையில் படியும்வரை மெதுவாக அழுத்திப் பிடித்தார். அடங்கியது. ஆனால் அடுத்த இரண்டு வாரம் அவர் பயிற்சி பக்கமே வரவில்லை.

அதனால் நமக்கு வேறு முறை. விறைப்பு இல்லாத இடத்தில் மட்டும் லேசாக இறுக்கலாம், உங்கள் பலத்தில் கால்பங்குக்கு மேல் வேண்டாம், மூன்று நொடி போதும். விறைப்புள்ள இடத்தில் இறுக்கவே வேண்டாம். மூச்சை வெளியே விடும்போது அந்த இடம் நாற்காலியில் கனத்து அமர்வதாக மட்டும் கவனியுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில், சொன்ன பேச்சைக் கேட்கும் கை. இரண்டில் எது நன்றாக வேலை செய்கிறதோ அது. விரல்களை மெல்ல மடக்கி மூன்று நொடி, பிறகு விட்டு இருபது நொடி. தளர்வு எப்படி இருக்கும் என்பதை உடம்பு இங்கேதான் கற்றுக்கொள்கிறது. பலர் நேராகப் பிரச்சினை உள்ள காலில் ஆரம்பித்துவிடுகிறார்கள். அது அடங்காதபோது மனமும் சேர்ந்து இறுகிவிடுகிறது.

அடுத்து மற்றக் கை. அது பலவீனமாக இருந்தால் நல்ல கையை அதன்மேல் வைத்து, அந்தக் கனத்தை மட்டும் உணருங்கள்.

தோள்களை அரை அங்குலம் உயர்த்தி விடுங்கள். ஊன்றுகோலோ வாக்கரோ பிடித்து நடப்பவர்களுக்குப் பகல் முழுவதும் சேர்ந்த இறுக்கம் இங்கேதான் இருக்கும். எனவே தோளுக்கு மட்டும் இரண்டு மூன்று முறை கொடுக்கலாம்.

கழுத்தை நெஞ்சை நோக்கி மடக்காதீர்கள். அப்படிக் குனியும்போது முதுகுத்தண்டு வழியாக மின்சாரம் பாய்வது போன்ற அதிர்ச்சி சிலருக்கு வரும். தலையைப் பின்சாய்மானத்தில் போட்டுவிட்டு, அதன் கனத்தைச் சாய்மானம் தாங்கட்டும் என்று விடுங்கள்.

முகத்தில் தாடையைத் தொங்கவிட்டால் போதும். முகத்தில் மின்சாரம் தாக்கியது போன்ற நரம்பு வலி உள்ளவர்கள் முகத்தை முழுவதுமாக விட்டுவிடுங்கள்.

வயிற்றில் ஒன்றும் செய்ய வேண்டாம், கையை அதன்மேல் வைத்தால் போதும். கால்கள் கடைசியில். அதற்குள் மூச்சு நிதானப்பட்டிருக்கும். தொடை, கெண்டைக்கால், பாதம் என்று மேலிருந்து கீழே, இறுக்காமல். இழுப்பு வந்தால் அதோடு சண்டை போடாதீர்கள். பாதம் தரையில் படியட்டும், நீளமாக மூச்சை விடுங்கள், அது அடங்கும்வரை காத்திருங்கள்.

6. கவனத்தை உடம்பு முழுவதும் ஓட்டுவது

இதை மூன்றாவது வாரத்துக்கு முன் தொடாதீர்கள். பாதத்திலிருந்து தலைவரை ஒவ்வோர் இடத்தையும் மனத்தால் தொட்டுப்பார்க்கும் முறை இது. ஆனால் பாதத்தில் உணர்வே இல்லாதவரிடம் "உங்கள் பாதத்தை உணருங்கள்" என்றால் அவர் எதை உணர்வார்? ஒரு வெறுமையைத்தான். சிலர் அங்கே அழுதுவிடுகிறார்கள்.

மரத்துப்போன இடம் வந்தால் கண்களைத் திறந்து அதைப் பாருங்கள், அல்லது கையை அதன்மேல் வையுங்கள். உள்ளிருந்து வராத தகவல் பார்வை வழியாகவும் உள்ளங்கை வழியாகவும் வந்து சேரும். எரிச்சலோ வலியோ உள்ள இடத்தில் ஒரு மூச்சுக்கு மேல் நிற்காதீர்கள். அங்கேயே கவனம் குவிந்தால் வலி பெரிதாகத் தெரியும். உள்ளங்கை, மூக்கு நுனி என்று சும்மா இருக்கும் இடம் ஒன்றை முன்பே தேர்ந்து வைத்துக்கொண்டு, அங்கே திரும்பி வாருங்கள்.

7. மனக்காட்சி

வெயில் காயும் கடற்கரை, கணப்படுப்பு எல்லாம் நமக்கு வேண்டாம். நினைப்பினால் உடம்பு சூடாகிவிடாது. ஆனாலும் வெப்பத்தால் துன்பப்பட்டவருக்கு அந்தக் காட்சியே சங்கடம். மர நிழல், காலை நனைக்கும் ஓடை, மழை விட்ட பிறகு வரும் காற்று, இப்படிக் குளிர்ந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நேரில் நின்ற இடமாக இருந்தால் நல்லது. நினைவுபடுத்திக்கொள்ளும் சிரமம் இருக்காது.

8. எழுந்திருப்பது

விழுவது பெரும்பாலும் இங்கேதான். பயிற்சி முடிந்ததும் விரல்களை அசையுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். படுத்திருந்தால் ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் முழுதாக இருங்கள். பாதங்கள் எங்கே இருக்கின்றன என்று கண்ணால் பாருங்கள். ஊன்றுகோலை எழுந்த பிறகு தேடாமல், உட்காரும்போதே கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

விறைப்பு தளர்ந்ததும் காலில் பலம் குறைந்தது போலத் தோன்றலாம். சிலர் அந்த விறைப்பை நம்பித்தான் நிற்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் அடுத்த பத்து நிமிடம் படி ஏற வேண்டாம்.

9. நாட்களைத் தாண்டிக் கொண்டுபோவது

முதல் வாரம் மூச்சு மட்டும். இரண்டாவது வாரம் மூச்சோடு கை, தோள். மூன்றில் கால்களும் உடம்பு முழுவதும் கவனத்தை ஓட்டுவதும். நான்கில் உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்று இல்லை.

இதற்கு நடுவே ஒரு நிமிடப் பயிற்சியும் இருக்கட்டும்: ஆறு நீண்ட வெளிமூச்சு, தோளை ஒரு முறை இறக்குவது. ஊசி போட்டுக்கொள்ளும் முன், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள், பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும்போது எல்லாம் கைகொடுக்கும். அமைதியான நேரத்தில் பழகியிருந்தால்தான் பதற்றத்தில் அது நினைவுக்கு வரும்.

விட்டுவிட்டால் பலன் நிலைக்காது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். 2012-ல் அமெரிக்காவில் எம்.எஸ். உள்ள 121 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 24 வாரம் மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சி எடுத்தவர்களுக்கு, அந்தக் காலத்தில் மூளையில் புதிய அழற்சித் திட்டுகள் குறைவாகத் தெரிந்தன. பயிற்சி முடிந்த அடுத்த 24 வாரங்களில் அந்த வித்தியாசம் இல்லாமல் போனது. இதை மருந்துக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தினமும் கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காகவே சொல்கிறேன்.

10. எப்போது நிறுத்த வேண்டும், யாரை அழைக்க வேண்டும்

பயிற்சியின்போது படபடப்பு கூடினால் கண்களைத் திறந்து, அறையில் உள்ள ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். அமைதியாக இருக்கும்போதே பயம் வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு மெதுவாகக் கையை அசைத்தபடி செய்வது பொருந்தும்.

புதிய அறிகுறியோ பழையது மோசமாவதோ 24 மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள். அதற்கு நடுவே காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ இருக்கிறதா என்று பாருங்கள். தொற்றும் இதே மாதிரி காட்டும். கால் இழுப்பு திடீரென்று கூடினாலும் அப்படியே.

எம்.எஸ். உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மிகச் சாதாரணமாக வரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், மூச்சுப் பயிற்சியை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சிகிச்சை இருக்கிறது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே, அந்த நேரமே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவ உதவிக்குப் போங்கள்.

11. உங்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள்

நினைவும் கவனமும் தடுமாறும் நாட்களில் வரிசை மறந்துவிடும். கீழே உள்ளதைக் கைப்பேசியில், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் இரண்டு மூச்சு இடைவெளி விட்டு, நிதானமாகப் படித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவரவர் உடம்புக்கு ஏற்ற வேகம் அவரவர் குரலில்தான் சரியாக அமைகிறது.

"கழிப்பறைக்குப் போயாச்சு. தண்ணீர் பக்கத்தில் இருக்கு. முதுகு சாய்ந்திருக்கு. பாதம் தரையில் இருக்கு. மெல்ல ஊது. சும்மா இரு, மூச்சு தானா வரும். மறுபடி ஊது. நல்ல கை, லேசா மடக்கு, விடு. மற்றக் கை, கனமா இருக்கட்டும். தோள், கொஞ்சம் தூக்கு, விடு. தலையைச் சாய்மானம் தாங்கட்டும். தாடை தொங்கட்டும். வயிற்றில் கை. தொடை கனமா இருக்கட்டும். கெண்டைக்கால். பாதம். இழுத்தா இழுக்கட்டும், ஊது. மர நிழல், காற்று. இன்னும் மூன்று மூச்சு. விரலை அசை. தண்ணீர் குடி. பாதம் எங்கே இருக்குன்னு பார். ஊன்றுகோலைப் பிடி. இப்போ மெதுவா எழுந்திரு."